பிரிட்டனில் ஏர் ரைஃபிள் முயல் வேட்டையும் இலக்குப் பயிற்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏர் ரைஃபிள் என்றால் பெல்லட் எனும் சிறு ஈயக் குண்டைக் காற்றழுத்தத்தால் தள்ளும் துப்பாக்கி. இங்கே சொல்லியிருப்பது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து சட்டங்கள் வேறு. தேவையான இடத்தில் குறித்திருக்கிறோம். எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே விதிதான்: காகித இலக்கில் தவறாமல் அடிக்க முடியாத தூரத்தில் முயலைச் சுடக்கூடாது.

முயலைச் சுட லைசென்ஸ் வேண்டுமா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 12 அடி-பவுண்டு (சுமார் 16.3 ஜூல்) வரை சக்தி உள்ள ஏர் ரைஃபிளுக்குச் சான்றிதழ் தேவையில்லை. அதற்கு ஒரு துளி மேலே போனாலும் அது சட்டப்படி முழுத் துப்பாக்கி. சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பது சிறைக்குப் போகும் குற்றம். ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் சாதாரண ஏர் ரைஃபிளுக்கே போலீஸ் சான்றிதழ் வேண்டும். வட அயர்லாந்தில் 1 ஜூலுக்கு மேல் எல்லாவற்றுக்கும் சான்றிதழ் உண்டு.

வாங்குபவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். கடைக்காரர் நேருக்கு நேர்தான் கைமாற்றித் தர முடியும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் கைக்கு எட்டாதபடி பூட்டி வைப்பது உங்கள் சட்டக் கடமை. தெருவில் கொண்டு போகும்போது உள்ளே பெல்லட் இல்லாமல், உறைக்குள் மூடி எடுத்துச் செல்லுங்கள். தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் வைத்திருந்தால், பெல்லட் இல்லாவிட்டாலும் குற்றம்தான்.

யார் நிலத்தில் சுடலாம்? பொதுப் பூங்கா, காடு?

பூங்கா, பொதுக் காடு, நடைபாதை ஓரம் எதிலும் கூடாது. நிலத்துக்காரரின் அனுமதி கட்டாயம், அதை எழுத்தில் வாங்குங்கள். 1880-ஆம் ஆண்டின் நில வேட்டைச் சட்டம் நிலத்தில் பயிர் செய்பவருக்கே முயலைக் கொல்லும் உரிமையைத் தருகிறது. வெளியாள் ஒருவரைத் துப்பாக்கியோடு அனுமதிக்க எழுத்து வேண்டும் என்கிறது. அனுமதி இல்லாத நிலத்தில் ஏர் ரைஃபிளோடு கால் வைத்தாலே ஆயுதத்தோடு அத்துமீறிய குற்றம்.

பண்ணைக்காரர்கள் நினைப்பதை விட எளிதாகச் சம்மதிப்பார்கள். 1954-ஆம் ஆண்டின் தீங்குயிர்ச் சட்டத்தின்படி இங்கிலாந்தும் வேல்ஸும் ஏறக்குறைய முழுவதும் முயல் ஒழிப்புப் பகுதி. தன் நிலத்து முயல்களைக் கட்டுப்படுத்துவது பண்ணைக்காரரின் கடமை. அறுவடை, கன்று ஈனும் காலம் போன்ற வேலை நெருக்கத்தில் போய்க் கேட்காதீர்கள். துப்பாக்கியைக் காரிலேயே விட்டுவிட்டு, உங்கள் பெயரும் காப்பீட்டு விவரமும் எழுதிய சீட்டோடு போங்கள். பிரிட்டிஷ் அசோசியேஷன் ஃபார் ஷூட்டிங் அண்ட் கன்சர்வேஷன் போன்ற அமைப்பில் உறுப்பினரானால் மூன்றாம் நபர் காப்பீடும் சேர்ந்தே வரும். அதைக் காட்டினால் பாதித் தயக்கம் தீரும். எந்த வயலில் கால்நடை, எங்கே நடைபாதை, எந்த வேலி எல்லை என்று அவரிடமே கேட்டு ஒரு வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் சுட்ட பெல்லட் எல்லை தாண்டிப் பக்கத்து நிலத்தில் விழுந்தால் நீங்கள்தான் பொறுப்பு.

ஊருக்குப் போகும்போது இந்தியாவில் முயல் சுடலாமா?

கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம்மூர்க் காட்டு முயலை வேட்டையாடுவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். எந்தத் துப்பாக்கியாலும், சொந்தத் தோட்டத்தில் வைத்தாலும் அப்படித்தான். பிரிட்டனில் சுடப்படும் முயல் வேறு இனம். நார்மானியர்கள் கொண்டுவந்து வளர்த்தது, கூட்டமாக வளை தோண்டி வாழ்வது. நம் முயல் வளை தோண்டாது, புதர் அடியில் படுத்திருக்கும். பிரிட்டனிலும் அது போலத் திறந்த வயலில் படுக்கும் பெரிய பழுப்பு முயல் ஒன்று உண்டு. நீண்ட காது, காது நுனியில் கறுப்பு. அதை 12 அடி-பவுண்டு ஏர் ரைஃபிளால் சுடாதீர்கள். உடல் பெரியது, இந்தச் சக்தி போதாது.

பாவமாக இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு ஒன்று: இதே வளை முயல் அதன் தாயகமான ஸ்பெயின், போர்ச்சுகலில் நோயால் அருகி, 2019-இல் உலக சிவப்புப் பட்டியலில் அழியும் நிலை இனமாகச் சேர்க்கப்பட்டது. எந்த இடத்தில் எந்த உயிர் பெருகியிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் வேட்டை நியாயமாகிறது. ஒரு வயலில் மூன்று முயல்தான் தெரிகிறது என்றால் சும்மா திரும்பி வாருங்கள்.

.177 வாங்குவதா, .22 வாங்குவதா?

இந்த எண்கள் குழல் துளையின் அகலம், அங்குலத்தில். இரண்டும் முயலுக்குப் போதும். வேறுபாடு பெல்லட் பறக்கும் வளைவில்தான். 11.5 அடி-பவுண்டில் 8.4 கிரெயின் எடையுள்ள .177 பெல்லட் வினாடிக்கு சுமார் 780 அடி வேகத்தில் கிளம்பும். 16 கிரெயின் .22 பெல்லட் சுமார் 570 அடியில் கிளம்பும். வேகம் கூடியதால் .177 தட்டையாகப் போகும், தூரத்தைக் கொஞ்சம் தப்பாகக் கணித்தாலும் மன்னிக்கும். .22 அடிக்கும்போது அதிர்ச்சி பெரிது, ஆனால் தூரக் கணிப்பு துல்லியமாக இருக்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு .177-ஐத்தான் சொல்வோம். முயல் வேட்டையில் தோல்வி பெரும்பாலும் சக்தி குறைவால் வருவதில்லை, குறி தவறுவதால் வருகிறது. மேலும் இலக்குப் போட்டிகள் பெரும்பாலும் .177-இல்தான் நடக்கின்றன. ஒரே துப்பாக்கி இரண்டுக்கும் உதவும்.

ஸ்பிரிங் துப்பாக்கியா, பிசிபியா?

ஸ்பிரிங் வகையில் நெம்பி இழுத்தால் உள்ளே ஸ்பிரிங் சுருங்கும். விசையை இழுத்ததும் பிஸ்டன் முன்னே பாய்ந்து காற்றை நசுக்கிப் பெல்லட்டைத் தள்ளும். வெளித் தொட்டி, பம்ப் எதுவும் வேண்டாம், மழையிலும் சேற்றிலும் வேலை செய்யும். ஆனால் பெல்லட் குழலை விட்டு வெளியேறுவதற்குள் துப்பாக்கி முன்னும் பின்னும் உதறுகிறது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பிடிக்காவிட்டால் குறி மாறும். முன்கட்டையை இறுக்கிப் பிடிக்கக்கூடாது. திறந்த உள்ளங்கையில் வைத்து உதறலை விட்டுவிட வேண்டும். மரக்கிளையிலோ சுவரிலோ நேராகச் சாய்த்தால் பெல்லட் மேலே போகும். இடையில் உங்கள் கை இருக்கட்டும்.

பிசிபி என்பது முன்கூட்டியே நிரப்பிய அழுத்தக் காற்றில் இயங்குவது. உதறல் ஏறக்குறைய இல்லை, முக்காலியில் வைத்துச் சுடலாம், இரண்டாம் குண்டு உடனே தயார். நிரப்பும் அளவு துப்பாக்கியில் எழுதியிருக்கும், 200 பார் போல. அதற்கு மேல் ஏற்றினால் வேகம் கூடாது, வால்வு திறக்கத் திணறி வேகம் குறையவே செய்யும். நிரப்பக் கை பம்ப் அல்லது டைவிங் வகைச் சிலிண்டர் வேண்டும், செலவு கூடும்.

வெய்ரௌக் எச்டபிள்யூ97, ஏர் ஆர்ம்ஸ் டிஎக்ஸ்200 இரண்டும் ஸ்பிரிங் வகையில் பல ஆண்டுகளாக நிலைத்து நிற்பவை. பிசிபியில் வெய்ரௌக் எச்டபிள்யூ100, ஏர் ஆர்ம்ஸ் எஸ்510 போன்றவை பழையதாகவே நல்ல விலைக்குக் கிடைக்கும். கையில் பணம் குறைவென்றால் மலிவான பிசிபியை விட நல்ல ஸ்பிரிங் துப்பாக்கி மேல். ஸ்பிரிங்கில் சுடக் கற்றவர் எதிலும் சுடுவார்.

எந்த ஸ்கோப்?

ஸ்கோப் என்பது குறி பார்க்கத் துப்பாக்கி மேல் மாட்டும் தொலைநோக்கி. 3-9 அல்லது 4-12 பெருக்கம் போதும். வேட்டையில் 6 அல்லது 8-க்கு மேல் வைத்தால் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும், முயலைத் தேடவும் நேரமாகும். பெரிய துப்பாக்கிக்கான ஸ்கோப்பில் தெளிவு 100 கெஜத்துக்கு அமைக்கப்பட்டிருக்கும். 25 கெஜத்தில் மங்கலாகும், கண்ணை நகர்த்தினால் குறியும் நகரும். ஏர் ரைஃபிளுக்கென்று 30 கெஜம் போல அமைத்தது, அல்லது திருகி மாற்றக்கூடியது வாங்குங்கள். ஸ்பிரிங் துப்பாக்கியின் இருபக்க உதறல் மலிவான ஸ்கோப்பின் உள்ளுறுப்பைக் கழற்றிவிடும். ஸ்பிரிங்குக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள். ஸ்கோப் பிடிப்பான் பின்னே வழுக்காமல் தடுக்கும் ஆணியும் வேண்டும்.

எந்த பெல்லட்?

கூம்பிய உருண்டைத் தலை. வேறெதுவும் யோசிக்க வேண்டாம். கூர்முனை, குழித்தலை என்று டப்பா மேல் எழுதியிருப்பதெல்லாம் இந்த வேகத்தில் பெரிய பயன் தராது. நேராகப் பறப்பதே முக்கியம். தட்டைத் தலை 10 மீட்டர் இலக்குக்கு, காகிதத்தில் சுத்தமான ஓட்டை போட.

ஆனால் எந்தக் குழலுக்கு எந்த பெல்லட் என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். நான்கைந்து வகை டப்பா வாங்கி, காற்றில்லாத நாளில் 30 கெஜத்தில் ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்தாக மூன்று குரூப் (ஒரே புள்ளிக்குச் சுட்ட ஓட்டைகளின் கொத்து) அடியுங்கள். ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முதல் பத்துப் பதினைந்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குழலுக்குள் புது ஈயம் படிய அவ்வளவு ஆகும். பெல்லட்டின் பின்பாவாடை நசுங்கியிருந்தால் தூக்கிப் போடுங்கள், காற்று ஒருபக்கமாகக் கசிந்து பெல்லட் சாய்ந்து போகும்.

பெல்லட் மாற்றினால் சக்தியும் மாறும். பிசிபியில் கனமான பெல்லட்டுக்குச் சக்தி கூடும், ஸ்பிரிங்கில் பொதுவாக லேசானதுக்குக் கூடும். அதனால் புது பெல்லட்டை க்ரோனோகிராஃப் எனும் வேகமானியில் அளந்துவிடுங்கள். வேகத்தை (வினாடிக்கு எத்தனை அடி) வேகத்தாலேயே பெருக்கி, பெல்லட்டின் கிரெயினால் பெருக்கி, 450240-ஆல் வகுத்தால் அடி-பவுண்டு வரும். 11.2 முதல் 11.6 வரை நல்ல இடம். 12-ஐத் தொடும் துப்பாக்கியை அப்படியே துப்பாக்கிக் கடையில் கொடுத்துக் குறைக்கச் சொல்லுங்கள்.

ஜீரோ செய்வது எப்படி?

ஜீரோ செய்வது என்றால், ஒரு தூரத்தில் ஸ்கோப் காட்டும் புள்ளியிலேயே பெல்லட் விழும்படி ஸ்கோப்பைத் திருகி அமைப்பது. முதலில் 10 கெஜம். பெரிய அட்டையில் ஒரு புள்ளி வைத்து மூன்று சுடுங்கள். அட்டையில் எங்கே விழுகிறது என்று தெரிந்ததும் திருகிப் புள்ளிக்கு அருகே கொண்டுவாருங்கள். இந்தத் தூரத்தில் கொஞ்சம் கீழே விழுந்தால் அதுவே சரி. அதைச் சரிசெய்ய முனையாதீர்கள். பிறகு 25 கெஜம். ஐந்து சுட்டு, அந்த ஐந்தின் நடுவைக் கண்ணால் பிடித்து, அதிலிருந்து புள்ளிக்கு எவ்வளவு என்று அளந்து திருகுங்கள். கால் நிமிடக் கோணக் கிளிக் (திருகியின் ஒரு படி; நிமிடம் என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) உள்ள ஸ்கோப்பில் 25 கெஜத்தில் 16 கிளிக் ஓர் அங்குலம். கடைசியாக 30 கெஜத்தில் பொடியாகத் திருத்துங்கள்.

பலர் செய்யும் தவறு, ஒரே ஒரு பெல்லட் ஓட்டையைப் பார்த்துத் திருகுவது. அடுத்தது வேறிடத்தில் விழும், மறுபடி திருகுவார்கள். இப்படி ஒரு டப்பா தீரும், ஜீரோ வராது. ஐந்து விழட்டும், பிறகு திருகுங்கள்.

30 கெஜத்தில் ஜீரோ வைத்தால் மற்றத் தூரங்களில் எங்கே விழும்?

ஸ்கோப் குழலுக்கு ஒன்றரை அங்குலம் மேலே இருந்தால், மேலே சொன்ன வேகங்களில் ஏறத்தாழ இப்படி: .177-இல் 10 கெஜத்தில் கால் அங்குலத்துக்குச் சற்று அதிகமாகக் கீழே, 20-இல் ஏறக்குறைய புள்ளியிலேயே, 40-இல் ஓர் அங்குலம் கீழே. .22-இல் 20 கெஜத்தில் முக்கால் அங்குலம் மேலே, 40-இல் இரண்டு அங்குலம் கீழே.

இந்த எண்களை நம்பி வயலுக்குப் போகாதீர்கள். உங்கள் துப்பாக்கியில் 10, 15, 20 என்று 45 கெஜம் வரை ஐந்தைந்து கெஜமாக அட்டை வைத்துச் சுட்டு, குறுக்குக் கம்பியில் எந்தப் புள்ளி எந்தத் தூரம் என்று ஒரு சின்னச் சீட்டில் எழுதி ஸ்கோப் மூடிக்குள் ஒட்டுங்கள். அரை நாள் வேலை. அதன் பிறகு ஊகத்துக்கு இடமில்லை.

துப்பாக்கி பக்கவாட்டில் சாயாமல் இருப்பதும் இங்கேதான் சேரும். .22-இல் 5 பாகை சாய்த்துப் பிடித்தால் 30 கெஜத்தில் பெல்லட் அரை அங்குலம் பக்கமாகப் போய்விடும். சாய்கிறது என்று பிடித்திருப்பவருக்கே தெரியாது. சின்ன நீர்மட்டக் குமிழ் ஒன்றை ஸ்கோப்பில் மாட்டிக்கொண்டு பழகுங்கள்.

காற்று அடித்தால்?

மணிக்கு 10 மைல் பக்கக் காற்று, அதாவது சின்னக் கிளைகள் ஆடும் காற்று, 30 கெஜத்தில் பெல்லட்டை ஓர் அங்குலத்துக்கு மேல் தள்ளும். முயலின் தலையில் நமக்குக் கிடைக்கும் இடமே ஓர் அங்குலம்தான். ஆகவே அப்படிப்பட்ட நாளில் தூரத்தைப் பாதியாக்குங்கள், அல்லது காற்றை நேரே முகத்தில் வாங்கும் திசையில் மட்டும் சுடுங்கள். உங்கள் வாடை முயலின் மூக்குக்கு எட்டாமலிருக்கவும் அதுவே நல்லது.

எவ்வளவு தூரத்தில் முயலைச் சுடலாம்?

இதற்கு எல்லோருக்கும் பொதுவான எண் இல்லை. கேட்பவர் எதிர்பார்ப்பது 40 கெஜம், 50 கெஜம் என்ற பதில். பதில் உங்கள் காகிதத்தில் இருக்கிறது. வேட்டையில் சுடப்போகும் அதே நிலையில், அதே உடுப்பில், எட்டுப் பெல்லட் சுடுங்கள். எட்டும் 10 பென்ஸ் நாணயத்துக்குள் (24.5 மில்லிமீட்டர்) அடங்கும் மிகப் பெரிய தூரம் எதுவோ, அதுவே அந்த நிலையில் உங்கள் எல்லை. ஏழு அடங்கி ஒன்று வெளியே போனால், வயலில் எட்டில் ஒரு முயல் தாடை உடைந்து வளைக்குள் போய்ச் சாகும் என்று பொருள். அடுத்த வாரம் குறைந்த தூரத்தில் முயன்று பாருங்கள்.

நிலைக்கு நிலை எல்லை மாறும். படுத்து 35 கெஜம் அடிப்பவர் முட்டியிட்டு 20 கெஜம்தான் அடிப்பார், நின்று 12 கெஜம். ஆகவே ஒரு எல்லையல்ல, மூன்று நான்கு எல்லைகளை மனதில் வைத்திருக்க வேண்டும். நல்ல துப்பாக்கியில் தேர்ந்தவர்களுக்குக்கூட .22-இல் 30-35 கெஜம், .177-இல் 40 கெஜம் போல நிற்பது நல்லது. அதற்கு மேல் பெல்லட் போய்ச் சேரும் நேரத்துக்குள் முயல் ஓரடி எடுத்து வைத்துவிடும்.

தூரம் அளக்க லேசர் கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நிலத்தை முன்கூட்டியே நடந்து அளந்து, இந்த வேலிக்கம்பம் 25, அந்த நெருஞ்சிப் புதர் 32 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சியை எப்படி அமைப்பது? தோட்டத்தில் சுடலாமா?

உங்கள் சொந்தத் தோட்டத்தில் சுடலாம், பெல்லட் வெளியே போகாதவரை. இலக்குக்குப் பின்னே பெல்லட்டைப் பிடிக்கும் இரும்புப் பெட்டி, அதற்கும் பின்னே தடித்த மரப்பலகை அல்லது மணல் மூட்டை வேண்டும். சுவரில் நேராகச் சுடாதீர்கள். செங்கல்லிலும் கருங்கல்லிலும் பட்ட பெல்லட் திரும்பி வரும், கண்ணாடி அணியுங்கள். அண்டை வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். வேலி மேல் துப்பாக்கிக் குழலைப் பார்த்து போலீஸைக் கூப்பிட்டால் அது அவர்கள் குற்றமல்ல.

ஒரு மணி நேரத்தில் இருநூறு சுடுவதை விட நாற்பது சுடுவது பயன் தரும். ஒவ்வொன்றுக்கும் ஒரே வரிசை: கன்னத்தைக் கட்டையில் பதிப்பது, மூச்சைப் பாதி விட்டு நிறுத்துவது, விசையின் முதல் தளர்வை எடுப்பது, குறி நிலைத்ததும் மெல்ல அழுத்துவது, பெல்லட் பட்டதைப் பார்க்கும் வரை தலையைத் தூக்காமல் இருப்பது. கடைசியில் சொன்னதைத்தான் பெரும்பாலோர் விடுகிறார்கள். பட்டதா என்று பார்க்கும் அவசரத்தில் தலை முன்கூட்டியே எழும், குழலும் எழும். மூச்சை நிறுத்தி ஏழெட்டு வினாடிக்குள் விசை போகவில்லையென்றால் விட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள். நேரம் கூடக்கூட நடுக்கம் கூடும்.

பாதிப் பயிற்சியைப் படுத்தபடியும், மீதியை முட்டியிட்டும் உட்கார்ந்தும் செய்யுங்கள். மேசையில் வைத்துச் சுடுவது துப்பாக்கியைச் சோதிக்கத்தான், உங்களைச் சோதிக்காது. ஈயம் கையில் ஒட்டும், சாப்பிடுவதற்கு முன் கை கழுவுங்கள்.

நேற்று வரை ஒரே ஓட்டையில் போனது, இன்று சிதறுகிறது. ஏன்?

முதலில் திருகுகள். ஸ்கோப் பிடிப்பான் திருகும், கட்டையைப் பிடிக்கும் திருகும் ஸ்பிரிங் துப்பாக்கியில் தானாகத் தளரும். பாதிப் புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும். அடுத்து, குழல் முனையில் மாட்டிய ஒலி தணிப்பான். அது கொஞ்சம் கோணலாக இருந்தால் பெல்லட் உள் தட்டில் உரசும். கழற்றிவிட்டு ஐந்து சுடுங்கள். குரூப் திரும்பி வந்தால் குற்றவாளி அதுதான். உள்ளே ஈயக் கீறல் தெரியும்.

பிறகு குழல். சில நூறு பெல்லட்டுக்கு ஒருமுறை இழுத்துத் துடைக்கும் துணி போதும். துடைத்ததும் சில பெல்லட் வேறிடம் போகும், பயப்படாதீர்கள். பிசிபியில் குரூப் மேலும் கீழுமாக நீண்டால் காற்றழுத்தம் தீர்ந்திருக்கும், அல்லது ஓ-வளையம் கசிந்திருக்கும். ஸ்பிரிங்கில் புகையும் வெடிச்சத்தமும் வந்தால் அழுத்த அறைக்குள் எண்ணெய் போய் எரிகிறது. யாரோ காற்றுத் துளையில் எண்ணெய் விட்டிருப்பார்கள். அங்கே ஒரு சொட்டும் விடக்கூடாது.

இதெல்லாம் சரியென்றால் பெல்லட் டப்பாவின் தொகுதி எண்ணைப் பாருங்கள். ஒரே பெயர், ஒரே நிறம், வேறு தொகுதி என்றால் அளவில் நுண்ணிய மாற்றம் இருக்கும்.

முயலில் எங்கே குறி வைப்பது?

தலை. பக்கவாட்டில் நிற்கும்போது கண்ணுக்கும் காதின் அடிக்கும் நடுவே. மூளை அங்கே இருக்கிறது, பட்டால் முயலுக்குத் தெரியும் முன்பே முடிந்துவிடும். நேருக்கு நேர் பார்க்கும்போது மண்டை சரிவாக இருப்பதால் இடம் இன்னும் சிறிது, திரும்பும்வரை காத்திருங்கள். நெஞ்சில் சுடாதீர்கள். இந்தச் சக்தியில் நெஞ்சில் பட்ட முயல் பத்தடி ஓடி வளைக்குள் விழும், உங்களால் எடுக்கவும் முடியாது, அதன் வலியை முடிக்கவும் முடியாது. வளை வாயில் நிற்பதை எப்படியும் விடுங்கள். ஐந்தாறு கெஜமாவது நகர்ந்து மேயட்டும்.

பின்னே மண் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். மேட்டு விளிம்பில் வானம் பின்னணியாகத் தெரியும் முயலைச் சுடக்கூடாது. தவறிய பெல்லட் சில நூறு கெஜம் பறக்கும்.

எப்போது, எங்கே போய் இருப்பது?

மே முதல் செப்டம்பர் வரை மாலை, சூரியன் சாயும் முன் கடைசி இரண்டு மணி நேரம். விடியலும் நல்லது. மழை விட்டுக் காய்ந்த அமைதியான மாலை எல்லாவற்றிலும் சிறந்தது. பசியோடு வெளியே வரும். காற்று ஓங்கி அடிக்கும் நாளில் காது கேட்காத அச்சத்தில் உள்ளேயே இருக்கும்.

அடையாளம் தேடுங்கள்: வேலி ஓரத்தில் புல் மட்டும் மொட்டையாக இருக்கும், உருண்டைப் புழுக்கை குவிந்திருக்கும், வளை வாயில் புது மண் இருக்கும். வளை வாயில் சிலந்தி வலை கிழியாமல் இருந்தால் உள்ளே ஆளில்லை. காற்று முகத்தில் படும் பக்கமாக, 25 கெஜத்தில் நிழலான இடம் பார்த்துப் படுத்து, இருபது நிமிடம் அசையாமல் இருங்கள். துரத்திப் போவதை விடப் படுத்திருப்பதே பலன் தரும். முகமும் கையும்தான் வெள்ளையாகத் தெரியும் என்பார்கள். நம் நிறத்தவர்க்கும் வியர்வைப் பளபளப்பு தெரியும், வலைத்துணியும் கையுறையும் போடுங்கள். ஒன்றைச் சுட்டதும் ஓடிப்போய் எடுக்காதீர்கள். மற்றவை சில நிமிடத்தில் திரும்ப வரும்.

அடிபட்டு உயிரோடு இருந்தால்?

தலையில் சரியாகப் பட்ட முயலும் சில வினாடி உதைக்கும், அது நரம்புத் துடிப்பு. ஆனால் தலையைத் தூக்கினால், நகர்ந்தால், உடனே இரண்டாம் பெல்லட். அதற்காகவே முதல் பெல்லட் போனதும் பார்த்துக்கொண்டே அடுத்ததை ஏற்றும் பழக்கம் வேண்டும். அருகே போய்க் கண்ணைப் புல்லால் தொட்டுப் பாருங்கள். இமைத்தால் உயிர் உண்டு. பின்கால்களை ஒரு கையிலும் தலையை மறு கையிலும் பிடித்து, நீட்டி, தலையைப் பின்னே மடக்கினால் கழுத்து முறிந்துவிடும். இதைப் பழகியவர் ஒருவரிடம் நேரில் கற்றுக்கொண்ட பிறகே தனியாகப் போங்கள்.

குட்டி போடும் காலத்தில் சுடலாமா?

சட்டத்தில் தடையில்லை. ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை ஈனும், கர்ப்பம் ஒரு மாதம்தான். பால் கொடுக்கும் தாயைக் கொன்றால் வளைக்குள் குட்டிகள் பட்டினி கிடந்து சாகும். பயிர் அழிகிறது என்று பண்ணைக்காரர் கேட்டால் வேறு வழியில்லை. கறிக்காகவும் பழக்கத்துக்காகவும் மட்டும் போகிறவர் கோடை முடியும்வரை காத்திருக்கலாம், அதுவே எங்கள் கருத்து.

வேட்டை வேண்டாம், இலக்கு மட்டும் போதும் என்றால்?

அதற்கும் பிரிட்டனைப் போன்ற இடம் குறைவு. ஃபீல்ட் டார்கெட் என்பது வேட்டையிலிருந்து பிறந்த விளையாட்டு. காட்டுப் பாதையில் 55 கெஜம் வரை முயல், காகம் வடிவ இரும்புத் தகடுகள். தகட்டில் ஒரு துளை, அதற்குள் போனால் தகடு சாயும். அதன் எளிய வடிவம் ஹன்டர் ஃபீல்ட் டார்கெட்: 8 முதல் 45 கெஜம், 30 இலக்குகள், சாய்த்தால் 2 புள்ளி, தகட்டில் பட்டால் 1. ஸ்கோப்பின் பெருக்கத்தை நடுவில் மாற்றக்கூடாது, தூரத்தைக் கண்ணால்தான் கணிக்க வேண்டும். முயல் வேட்டைக்கு இதைவிட நல்ல பள்ளி கிடையாது. வேட்டைக்குப் போகிறவர்களும் ஒரு குளிர்காலம் கிளப்பில் சுடுங்கள்.

மிட்லண்ட்ஸ் பகுதிப் பப்களில் மணி இலக்கு உண்டு: 6 கெஜம், அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு அகலத் துளை, உள்ளே போனால் மணி அடிக்கும். ஒலிம்பிக் 10 மீட்டர் இன்னொரு உலகம். நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர், 60 பெல்லட், 75 நிமிடம், நின்றபடி. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இதில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் இதே பிரிவில்தான் உலகக் கோப்பைகளை வென்றிருக்கிறார். பிள்ளைகளை இதில் சேர்க்க விரும்பினால் கிளப் வழியாகப் போங்கள். 14 வயதுக்குள் உள்ளவர்கள் 21 வயது நிறைந்த ஒருவர் பார்வையில்தான் சுட வேண்டும்.

கறியை எப்படிச் சுத்தம் செய்வது? எதைத் தூக்கி எறிய வேண்டும்?

சுட்ட இடத்திலேயே தொடங்குங்கள். தலை மேலே இருக்கும்படி தூக்கி, விலாவிலிருந்து கீழே கட்டைவிரலால் வயிற்றை அழுத்தித் தடவினால் சிறுநீர் வெளியேறும். இதைச் செய்யாவிட்டால் தொடைக்கறியில் வாடை ஏறும். பிறகு மல்லாக்க வைத்து, வயிற்றுத் தோலைக் கிள்ளித் தூக்கிச் சின்னக் கீறல் போட்டு, கத்தி நுனி ஆழமாகப் போகாமல் மார்பெலும்பிலிருந்து கீழே வரை திறந்து, இரைப்பையையும் குடலையும் இழுத்து எடுங்கள். கையுறை போடுங்கள். கோடையில் ஐஸ் பை வைத்த பெட்டி காரில் இருக்கட்டும். ஈ முட்டையிட்டால் கறி வீண். உடல் சூடாக இருக்கும்போது தோல் சட்டை கழற்றுவது போல வந்துவிடும்.

கல்லீரலைப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி, கட்டி இருந்தால் காக்சிடியோசிஸ் என்ற ஒட்டுண்ணி நோய், சாப்பிடாதீர்கள். கண் வீங்கி, இமை ஒட்டி, ஆள் அருகே போனாலும் ஓடாமல் இருந்தால் மிக்சோமாடோசிஸ். 1953-இல் பிரிட்டனுக்கு வந்து முயல்களை ஏறக்குறைய துடைத்தெடுத்த நோய் அது. மனிதருக்குத் தொற்றாது, ஆனால் கறிக்கு ஆகாது. அப்படி ஒன்றைக் கண்டால் கருணைக்காகச் சுட்டு, புதைத்துவிடுங்கள்.

காதைக் கிழித்துப் பார்த்தால் எளிதில் கிழிவது இளசு. நாற்பது நிமிடத்தில் வேகும். கிழியாதது முற்றல். காட்டு முயலில் கொழுப்பே இல்லாததால் அடுப்பில் வறுத்தால் காய்ந்து நாராகும். முற்றலை உப்பும் மஞ்சளும் போட்டுச் சிறு தீயில் இரண்டு மணி நேரம், அல்லது குக்கரில் ஏழெட்டு விசில் வேகவைத்து, அதன் பிறகு நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், கறிவேப்பிலை போட்டு வேகவைத்த தண்ணீரோடு சுண்ட விடுங்கள். தலையையும் பெல்லட் போன கழுத்துப் பகுதியையும் சட்டியில் போடாதீர்கள். ஈயத் துணுக்கு அங்கேதான் இருக்கும்.